துணைத்தேற்றங்களுக்கு நான் வைத்த பெயர்கள்

நேற்று வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று பென்ஷன் ஆபீசுக்கு வருஷா வருஷம் ஒரு தாள் கொடுக்க வேண்டும். அதோடு இணைக்க ஒரு நகல். எனக்கு முன்னால் ஒரு பெண் தன் ஆய்வேட்டை அச்செடுத்துக்கொண்டிருந்தாள். மிஷினிலிருந்து சூட்டோடு வந்து விழுந்த தாள்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தவள், "ஐயய்யோ" என்றாள். எட்டிப் பார்த்தேன். பக்கம் முழுக்கக் கணக்குக் குறியீடுகள். நடுவில் ஓரிடத்தில், துணைத்தேற்றத்தின் எண் இருக்க வேண்டிய இடத்தில், தடித்த எழுத்தில் இரண்டு கேள்விக்குறிகள்.

"இன்னொரு தடவை ஓட்டும்மா, நம்பர் வந்துடும்" என்றேன்.

அவள் திரும்பி என் கைப்பையையும் நரைத்த தலையையும் பார்த்தாள். "உங்களுக்கு இது எப்படிங்க தெரியும்?"

"ஒருத்திக்காகக் கத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, வந்த வேலையை மறந்து வெளியே வந்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் நகல் எடுக்கவில்லை என்பது உறைத்தது.

உனக்கு நான் கடிதமே எழுதியதில்லை. தினமும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே சாம்பார் சாதத்தைப் பங்கு போட்டுக்கொண்டவர்களுக்குக் கடிதம் எதற்கு? இப்போது எழுதுகிறேன், சேராது என்று தெரிந்தே.

எழுபதுகளில் ஒரே ஜூன் மாதத்தில் அந்தப் பெண்கள் பள்ளியில் சேர்ந்தோம். இருவருக்கும் கணக்குப் பாடம். நான் பி.எஸ்ஸி., பி.எட். நீ எம்.எஸ்ஸி. முடித்தவள். அடி அண்ணாமலையிலிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு நடந்தே பள்ளிக்கு வருவாய். வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, "சரசு, தண்ணி குடு. வழியில பாதிக் கணக்கு முடிச்சிட்டேன்" என்பாய். அது பள்ளிக்கூடக் கணக்கு இல்லை. சேர்ந்த இரண்டாம் வருஷமே சென்னையில் ஒரு பேராசிரியரிடம் பகுதிநேர ஆய்வுக்குப் பதிந்துகொண்டிருந்தாய். உங்கள் வீட்டில் யாருக்கும் அது என்னவென்று தெரியாது. நிலக்கடலை போட்டிருந்த உன் அண்ணன் ஊரில் யார் கேட்டாலும், "தங்கச்சி இன்னும் படிக்குது. எப்ப முடியும்னு அதுக்கே தெரியாது" என்பார். அதை நீயே ஆசிரியர் அறையில் எங்களிடம் நடித்துக் காட்டுவாய்.

எனக்கும் தெரியாதுதான். ஒரு முறை கேட்டேன். மதிய இடைவேளையில் உன் எட்டாம் 'பி' வகுப்புக்கு என்னைக் கூட்டிப்போனாய். முதல் பெஞ்சில் ஐந்து பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இவங்கள இடம் மாத்தி மாத்தி உட்கார வைச்சா எத்தனை விதம் வரும்?" என்றாய். நான் பெருக்கிச் சொன்னேன். "சரி. இப்ப பிள்ளைங்கள மறந்துடு, பெஞ்சையும் மறந்துடு. மாத்தினே பாரு, அந்த மாத்தறத மட்டும் கையில பிடி. ஒரு மாத்தலுக்கு மேல இன்னொரு மாத்தல். அதுங்களுக்குள்ள ஒரு கணக்கு இருக்குது. அதுதான் என் வேலை."

"பிள்ளையும் இல்ல, பெஞ்சும் இல்லன்னா அப்புறம் என்னடி இருக்குது?"

"அதான் சொல்றேனே, மாத்தல்."

முதல் பெஞ்சுப் பிள்ளைகள் வாயில் சோற்றோடு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அந்தக் கணக்கை எழுதுவதே பெரும்பாடு. ஓர் எழுத்து, அதன் காலடியில் இன்னோர் எழுத்து, அந்தக் காலடிக்கும் ஒரு காலடி, தலையில் ஒரு தொப்பி, இடையில் எங்கிருந்தோ எங்கேயோ போகும் அம்புகள். தேரடித் தெருவில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டரிடம் கொடுத்தோம். அவர் முதல் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, தள்ளி வைத்து, தலைகீழாகவும் பார்த்தார்.

"டீச்சர், மிஷின்ல இருக்கறது இங்கிலீஷ் எழுத்து. நீங்க எழுதியிருக்கறது எந்த ஊரு எழுத்துன்னு சொன்னா, அந்த ஊர்ல போய் மிஷின் வாங்கிட்டு வரேன்."

கடைசியில் ஒரு வழி செய்தார். இங்கிலீஷ் சொற்களை மட்டும் தட்டுவார். குறியீடு வரும் இடத்தில் இடைவெளிக் கட்டையைத் தட்டித் தட்டி இடம் விட்டுவிடுவார். நாலு பிரதியிலும் அந்த இடங்களை மெல்லிய முனைப் பேனாவால் நீ நிரப்புவாய். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் எதிரே உட்கார்ந்து ஈரம் காய ஒவ்வொரு தாளாக விரித்து வைப்பது என் வேலை. பேராசிரியர் பார்த்துவிட்டு, மூன்றாம் அத்தியாயத்தை ஐந்தாவதாக வை, நான்காவதை இரண்டாகப் பிரி என்பார். மறுபடி மாஸ்டர், மறுபடி கட்டை, மறுபடி பேனா. இப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் போயிற்று.

அத்தியாயங்கள் இடம் மாறிக்கொண்டே இருந்ததால் துணைத்தேற்றங்களின் எண்ணும் மாறிக்கொண்டே இருந்தது. அலுத்துப்போய் எண்ணுக்கும் இடம் விடச் சொல்லிவிட்டாய். 'இன்ன எண்ணுள்ள துணைத்தேற்றத்தின்படி' என்று வரவேண்டிய இடத்தில் எல்லாம் வெறும் கோடு. "நம்பர் போடாம இருக்கியே, குழம்பாதா?" என்றேன். "வீடு கட்டறதுக்கு முன்னாடியே கதவு நம்பரா? கடைசியில போட்டுக்கலாம்டி" என்றாய்.

துணைத்தேற்றம் என்றால் என்ன என்று தெரியாதவர் யாராவது இதைப் படிக்கலாம். பெரிய தேற்றம் ஒன்றை ஒரே மூச்சில் நிரூபிக்க முடியாது. அதற்குப் படிக்கட்டு போலச் சின்னச் சின்ன உண்மைகளை முதலில் நிரூபித்து வைத்துக்கொள்வோம். அப்புறம் ஒவ்வொன்றின் தோளிலும் காலை வைத்து ஏறலாம். உன் ஆய்வேட்டில் அப்படி முப்பதுக்கு மேல் இருந்தன.

எண்பதுகளின் நடுவில் உன் கால் வீங்கத் தொடங்கியது. நின்றுகொண்டே பாடம் நடத்துவதால் என்று நினைத்தோம். பிறகு முகம். வேலூரில் சிறுநீரகம் என்றார்கள். அப்போது அதற்குச் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் செய்தார்கள். விரல்கள் தடித்துப்போய்ப் பேனா நடுங்கியது. பல்கலைக்கழகமோ ஆகஸ்டுக்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்து, இதுதான் கடைசி நீட்டிப்பு என்று எழுதிவிட்டது. மார்ச் மாதத்தில் ஒரு நாள் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, "பட்டம் எல்லாம் கூட வேணாம் சரசு. ஒரே ஒரு தடவை இத முழுசா அச்சுல பாக்கணும்" என்றாய். நீ கெஞ்சி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

பேராசிரியர் வேலை பார்த்த ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. கணக்குக் குறியீடுகளை அச்சுக்கோக்கவென்றே எழுதப்பட்ட மென்பொருள் அதில் இருப்பதாகவும், தட்டிக்கொடுக்க ஆள் இருந்தால் அனுமதி வாங்கித் தருவதாகவும் எழுதினார். அவர் கோடை முழுக்க வெளிநாட்டில் இருப்பார். நான் தட்டச்சில் லோயர் பாஸ் செய்தவள். கோடை விடுமுறை விட்ட அன்றே உன் தாள்கட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சென்னையில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த அறைக்குப் பொறுப்பாளர் தணிகாசலம். ஆரணிப் பக்கத்துக்காரர். முதல் நாள் வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தார். "டீச்சர், செருப்ப வெளியே வுடுங்க. காலத் துடைச்சிட்டு வாங்க. மிஷினுக்குத் தூசி ஆகாது."

"கோயிலா இது?"

"கோயில்ல சாமிக்கு ஏசி இல்லையேங்க. இங்க இருக்குது."

உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. கருப்புத் திரையில் பச்சை எழுத்துகள். என் முதல் ஏமாற்றம் என்ன தெரியுமா? திரையில் உன் குறியீடு எதுவும் தெரியாது. அதன் பெயரைத்தான் தட்ட வேண்டும். ஓட்டலில் சப்ளையர் உள்ளே பார்த்து 'ஒரு மசால், ரெண்டு காபி' என்று குரல் கொடுப்பதைப் போல. தோசையை அவர் சுடுவதில்லை. பெயரைச் சரியாகச் சொன்னால் தோசை வரும். 'இந்த எழுத்து, இதன் காலடியில் இது, தலையில் தொப்பி' என்று சாய்கோடும் அடைப்புக்குறியுமாகத் தட்டி வைத்து, ஓட்டி, அச்சுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அச்சு இயந்திரம் கிரீச் கிரீச்சென்று ஒரு பக்கத்துக்குப் பல நிமிஷம் எடுத்துக்கொள்ளும். ஒரு முறை ஓர் அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த பக்கங்கள் எல்லாம் சாய்வெழுத்தாகப் படுத்துவிட்டன. "இன்னாங்க டீச்சர், எல்லாம் தூங்கிடுச்சு?" என்றார் தணிகாசலம்.

எண்களுக்கு அந்த மென்பொருளில் ஓர் ஏற்பாடு இருந்தது. நாம் எண்ணே போடக்கூடாது. ஒவ்வொரு துணைத்தேற்றத்துக்கும் நம் விருப்பப்படி ஒரு பெயர் வைத்துவிட வேண்டும். வேறோர் இடத்தில் அதைச் சுட்ட வேண்டுமானால் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். அத்தியாயங்களை எப்படிப் புரட்டிப் போட்டாலும் எண்ணை அதுவே எண்ணிப் போட்டுக்கொள்ளும். பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறி வரும். பத்து வருஷம் உன்னைப் படுத்திய வேலை அது. எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

முப்பது பெயருக்கு எங்கே போவது? உன் எட்டாம் 'பி' வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். முதல் துணைத்தேற்றம் அமுதா. அடுத்தது இந்திரா. கலா, குப்பம்மாள், ஜோதி, மல்லிகா என்று வரிசையாக. அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வந்து உன்னிடம் சொன்னபோது வீங்கிய முகத்தோடு எப்படிச் சிரித்தாய்! "நல்லா வேணும் அதுங்களுக்கு. வகுப்புலதான் உபயோகம் இல்ல, இங்கயாவது உழைக்கட்டும்." படுத்தபடியே தாள்களை ஒவ்வொன்றாக வாங்கி, கோடு இருந்த இடத்தில் எல்லாம் எந்தப் பிள்ளை என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தாய். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தாளுக்கு மேல் முடியவில்லை. மீதியை உன் அண்ணன் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்.

மே மாதக் கடைசியில் வேலை முடிந்தது. முதல் ஓட்டத்தில் கேள்விக்குறிகள் வந்தன. இரண்டாம் ஓட்டத்தில் எல்லாம் எண்ணாக மாறின. தணிகாசலம் கைதட்டினார். "ஒரு எரரும் இல்ல டீச்சர்! மிஷின் ஓகே சொல்லிடுச்சு."

பக்கங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாமல், ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில், யார் யாரைச் சுட்டுகிறார்கள் என்று பெயர்களை எழுதி அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். ஏதாவது பெயரை மாற்றித் தட்டியிருக்கக்கூடாதே என்ற பயம், அவ்வளவுதான். உன் கணக்கு எனக்குப் புரியாது. யார் யாரை அழைக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். அமுதா யாரையும் கேட்கவில்லை, தானே நிற்கிறாள். இந்திரா அமுதாவைக் கேட்கிறாள். கலாவின் நிரூபணம் மல்லிகாவைக் கேட்கிறது. மல்லிகா ஜோதியைக் கேட்கிறாள். ஜோதி—

ஜோதி கலாவைக் கேட்கிறாள்.

என் பென்சில் அங்கேயே நின்றது. நீ லீவில் இருந்த ஒரு நாள் உன் வகுப்புக்கு நான் போயிருந்தேன். வீட்டுக்கணக்கில் மூன்று பிள்ளைகளிடம் ஒரே விடை, ஒரே அடித்தல். "யாரைப் பாத்து எழுதினே?" என்று கேட்டேன். கலா, "மல்லிகாவப் பாத்து டீச்சர்" என்றாள். மல்லிகா ஜோதியைக் காட்டினாள். ஜோதி அழுதுகொண்டே, "கலாவப் பாத்து" என்றாள். அப்படியென்றால் கணக்கைப் போட்டது யார்? யாரும் இல்லை. உன்னிடம் சொல்லி இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதேபோலத்தான் இதுவும். கலா உண்மை, ஏனென்றால் மல்லிகா உண்மை. மல்லிகா உண்மை, ஏனென்றால் ஜோதி உண்மை. ஜோதி உண்மை, ஏனென்றால் கலா உண்மை. மூன்று பேரில் ஒருத்தி சொந்தமாகப் போட்டிருந்தால் மற்ற இருவரும் தேறிவிடுவார்கள். ஒருத்தியும் போடவில்லை. நான்காம், ஐந்தாம் அத்தியாயங்கள் முழுக்க அந்த மூவரின் தோளில் நின்றன.

நான்தான் தப்பாகத் தட்டிவிட்டேன் என்று உன் கையெழுத்துத் தாள்களைப் புரட்டினேன். அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இல்லை. மூன்று இடத்திலும் உன் பென்சில். ஒவ்வொரு துணைத்தேற்றத்தையும் வேறு வேறு வருஷத்தில் எழுதியிருந்தாய். அத்தியாயங்கள் மாறி மாறி, நடுவில் வெறும் கோடுகளாக இருந்து, மூன்றும் ஒரே நேரத்தில் உன் கண்ணில் படவே இல்லை.

"மிஷின் ஓகே சொல்லிடுச்சே, இன்னும் இன்னாங்க பாக்கறீங்க?" என்றார் தணிகாசலம். மிஷினுக்கு, ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் இருந்தால் போதும்.

ஊருக்கு வரும் பஸ்ஸில் அந்தத் தாள்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லுவதா வேண்டாமா என்று செஞ்சி தாண்டும் வரை யோசித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தேன். பரீட்சகர் கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும். அதற்குள் என்னென்னவோ ஆகிவிடும். அந்த 'என்னென்னவோ' என்ன என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

நீ அந்தத் தாள்களை வாங்கி முதலில் முகர்ந்து பார்த்தாய். பிறகு விரலால் தடவினாய். காலடிக்குக் காலடி, தொப்பி, அம்பு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. "என் கணக்காடி இது? யாரோ பெரிய மனுஷன் எழுதின மாதிரி இருக்குது." உன் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினாய். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். "கல்யாணப் பத்திரிகையாட்டம் கீது. இதுக்கா இத்தினி வருஷம்?" என்றவர் என்னைப் பார்த்து, "ஜாஸ்தி பேச வுடாதீங்க டீச்சர், மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரைமணி நேரம் நீ ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாய். நான் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டாய், தினமும் வகுப்பு முடிந்து கேட்கிற அதே குரலில், "ஏதாவது தப்பு இருந்ததாடி?"

இல்லை என்று ஒரு சொல். வாயில் வந்துவிட்டது. பதினைந்து வருஷமாகச் சிவப்பு மை பிடித்த கை, உனக்குப் பொய்யாக ஒரு 'சரி' போட மாட்டேன் என்றது. அப்படித்தான் அன்று எனக்குத் தோன்றியது. அது நேர்மையா, அந்தப் பாரத்தைத் தனியாகத் தூக்கத் தெம்பில்லாமல் உன் தலையில் இறக்கினேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"கலா மல்லிகாவைப் பாத்து எழுதியிருக்கா" என்றேன்.

நீ சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாய். அம்புக்குறி போட்ட தாளை எடுத்துக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாய். உன் உதடு அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று.

"நீ ஏண்டி பேர் வச்சே?" என்றாய் கடைசியில். "பேசாம நம்பர் போட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா?"

நீ பதிலுக்காகக் கேட்கவில்லை. அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, "பென்சில் சீவிக் குடு" என்றாய்.

அதற்குப் பிறகு பதினொரு நாள். பள்ளி திறந்துவிட்டதால் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை, மடியில் பரீட்சைப் பலகை. கலாவை மல்லிகா இல்லாமல் நிற்க வைக்கப் பார்த்தாய். முடியவில்லை என்று ஜோதியிடம் போனாய். உனக்குத் தாகம், தண்ணீரையோ டாக்டர் அளவாகத்தான் கொடுக்கச் சொல்லியிருந்தார். ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உன் வாயை நனைத்துவிடுவேன். பென்சில் சீவுவேன். விழுந்த தாளைப் பொறுக்கி வரிசையாக அடுக்குவேன். கணக்கில் ஒரு வரிகூட என்னால் உனக்கு உதவ முடியாது. பிள்ளைகளையும் பெஞ்சையும் மறக்கச் சொன்னாயே, அதற்கு மேல் நான் வரவே இல்லை.

ஒரு நாள், "நான் புரிஞ்சிக்கற மாதிரி கேள்வியாவது கேளுடி" என்றேன்.

"பதினேழு பதிமூணு எவ்ளோ?"

"இருநூத்து இருபத்தொண்ணு."

"சரி. நீ பாஸ்." கண்ணை மூடிக்கொண்டாய். "நான்தான் டவுட்டு."

பதினோராம் நாள் மாலை, எழுதிக்கொண்டே இருந்தவள் தூங்கிப்போனாய். விளக்கு ஏற்றும் நேரத்துக்கு விழித்து, மேலே மூங்கில் உத்தரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு நிதானமாகச் சொன்னாய். "போதும் சரசு. கலாவோட நிரூபணத்த எடுத்துடு. அந்த இடத்துல, இதுக்கு நிரூபணம் எங்கிட்ட இல்லன்னு ஒரு வரி போடு. மீதியெல்லாம் அது உண்மையா இருந்தா நிக்கும்னு போடு."

"அப்படிக் குடுத்தா திருப்பிடுவாங்களேடி."

"திருப்பட்டும். வாத்தியார் தெரியாதத தெரியாதுன்னு சொல்லக் கூடாதா?"

மறுநாள் முதல் பஸ்ஸில் சென்னைக்குப் போனேன். தணிகாசலம் ஒன்றும் கேட்காமல் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். கலாவின் மூன்று பக்கங்களை அழித்தேன். எத்தனை காலடி, எத்தனை தொப்பி, எத்தனை அம்பு! ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் போய்விடுகிறது. அந்த இடத்தில் நீ சொன்ன வரியைத் தட்டினேன். இரண்டு மாதத்தில் நான் தட்டியவற்றில் மிகவும் சுலபமானது அதுதான். ஒரு குறியீடும் இல்லை. அந்தத் தேரடித் தெரு மாஸ்டரின் மிஷினே போதுமாக இருந்திருக்கும்.

புதிய தாள்களோடு நான் திரும்பியபோது நீ கண் திறக்கவில்லை. உன் அண்ணி, "நேத்திலிருந்து இப்படித்தாங்க" என்றார். உன் காதருகே குனிந்து அந்த வரியைப் படித்தேன். ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. கேட்டிருக்குமா என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாய்.

ஆகஸ்டுக்கு முன்னால் அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"கேண்டிடேட் கையெழுத்து இல்லாம வாங்க முடியாதுங்க. அவங்கள வரச் சொல்லுங்க."

"அவங்க இல்லைங்க."

அவர் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று. "அப்ப இத எதுக்கும்மா குடுக்கறீங்க?"

ஏட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு நான் பணியில் இருந்த காலம் முழுவதும் ஒரே விடை, ஒரே அடித்தலோடு எத்தனையோ நோட்டுகள் என் மேஜைக்கு வந்தன. யாரைப் பார்த்து எழுதினாய் என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தது பிள்ளைகளுக்கு நல்லதா என்றால், இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் வரவில்லை.

உன் பதினொரு நாள் தாள்கள் என் பீரோவில் இருக்கின்றன. பேராசிரியர் ஊர் திரும்பிய பிறகு அவற்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு மாதம் வைத்திருந்தார். "கலா உண்மையாகவும் இருக்கலாம். ஏதோ ஒரு வழி தெரியற மாதிரி இருக்குது. எங்க போறாங்கன்னு அவங்கதாம்மா சொல்லணும்" என்று திருப்பிக் கொடுத்தார். அவரும் உன் தேற்றத்தைக் கலா என்றே சொல்லிப் பழகிவிட்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு நானும் அவ்வப்போது எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். மூன்றாம் தாளைத் தாண்ட முடியவில்லை. தாள்கள் போகப் போக உன் எழுத்து பெரிதாகிக்கொண்டும் சரிந்துகொண்டும் போகிறது.

போட்டுப் பார்க்கும் கரட்டுத் தாளில் நீ எப்போதும் தமிழில்தான் யோசிப்பாய். கடைசித் தாளில் நாலே வரி. முதல் மூன்று வரிகளும் அடித்தல் இல்லாமல், முதல் நாள் எழுதியது போல நேராக இருக்கின்றன. நாலாவது வரியில் 'ஆகவே' என்று எழுதியிருக்கிறாய். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அந்தப் பதினோராம் நாள் மாலை உன் கண் மெல்ல மூடியபோது, இத்தனை நாளில் இப்போதுதான் தூங்குகிறாள், தூங்கட்டும் என்று, உன் விரல்களைப் பிரித்துப் பென்சிலை எடுத்து வைத்தவள் நான்தான்.